உயரமும் முகமும் : மார்கரெட் பர்க்-ஒயிட்டின் வாழ்வும் போர்க்காலப் படங்களும்

போரைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையின் பொலிவையும் புறத்திணைப் புலவர்கள் பாடினார்கள். அப்படை கடந்து சென்ற ஊரின் பாழையும் பாடினார்கள். தும்பை சூடிய களத்தைக் கண்ட கண்ணே காஞ்சியின் நிலையாமையையும் கண்டது. வெற்றியை வாழ்த்திய நாவே கையறுநிலையும் உரைத்தது. இருபதாம் நூற்றாண்டில் தேர் போய் டாங்கி வந்தது. யானை போய்க் குண்டுவீச்சு விமானம் வந்தது. களத்தில் புலவன் நின்ற இடத்தில் ஒளிப்படக் கருவியைத் தாங்கிய ஒருவர் வந்து நின்றார். அவ்வாறு வந்து நின்றவர்களுள் மார்கரெட் பர்க்-ஒயிட் தனித்து எண்ணத்தக்கவர். போர்க்கருவியின் அழகை அவரளவுக்கு ஆர்வத்துடன் படம்பிடித்தவர் சிலரே. அக்கருவி விளைத்த துயரின் முகத்தை அவரளவுக்கு அருகில் சென்று கண்டவரும் சிலரே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே அவருடைய வாழ்க்கை.

உலைக்களத்து ஒளி

மார்கரெட் 1904 ஜூன் 14 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். தந்தை ஜோசப் ஒயிட் ஒரு பொறியியலாளர். அச்சு இயந்திரங்களில் பல புதுமைகளைக் கண்டவர். பார்வையற்றோர்க்கான பிரெய்ல் எழுத்தை அச்சிடும் பொறியை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. தாய் மின்னி பர்க். பிற்காலத்தில் தாயின் குடும்பப் பெயரையும் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார் மகள். தந்தையின் குடும்பம் யூத மரபைச் சேர்ந்தது. இச்செய்தியை மார்கரெட் பொதுவெளியில் பேசாமலே வாழ்ந்தார். ஆயினும் 1945ஆம் ஆண்டில் அவர் கண்ட காட்சிகளை எண்ணும்போது இது மறக்கத்தக்க செய்தியன்று.

தந்தை தம் மகளைச் சிறுவயதிலேயே இரும்பு வார்ப்பகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். இருண்ட கூடத்தில் உருகிய இரும்பு ஒளிவெள்ளமாகப் பாய்ந்து தீப்பொறிகள் தெறித்த அக்காட்சி குழந்தையின் நெஞ்சில் நிலைத்தது. அழகு என்றால் அவருக்கு நெடுங்காலம் அதுவே பொருளாயிற்று. 1922இல் தந்தை மறைந்தார். பல கல்லூரிகளில் பயின்று, இளமையிலேயே ஒரு திருமணமும் மணமுறிவும் கண்டு, 1927இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற மார்கரெட், ஒளிப்படத்தைத் தொழிலாகக்கொண்டு கிளீவ்லாந்து நகரில் குடியேறினார்.

அந்நகரின் ஓட்டிஸ் எஃகு ஆலையைப் படமெடுக்க அவர் பட்ட பாடு பெரிது. உருகிய எஃகின் செந்நிற ஒளி கண்ணைக் கூசச்செய்யும். ஆனால் அக்காலத்துப் படச்சுருளுக்கு அந்நிறம் ஏறக்குறைய இருளே. பலநாள் தோல்விக்குப்பின், மெக்னீசியம் தீவட்டிகளின் வெண்ணிற ஒளியை எஃகு உருகும் ஒளியோடு கலந்து படமெடுத்தார், வெற்றி கிட்டியது. 1929இல் பதிப்பாளர் என்றி லூஸ் தாம் தொடங்கவிருந்த 'ஃபார்ச்சூன்' இதழுக்கு அவரை அழைத்துக்கொண்டார். 1930இல் அவ்விதழின் பணியாகச் ஜெர்மனி சென்று குருப் நிறுவனத்தின் ஆலைகளைப் படமெடுத்தார். அங்கிருந்து சோவியத் நாட்டுக்குச் சென்று, எழுந்துகொண்டிருந்த அணைகளையும் ஆலைகளையும் படமெடுத்தார். குருப் ஆலை தலைமுறைகளாகப் பீரங்கி வார்த்த ஆலை. ஆயினும் அக்காலத்து மார்கரெட்டின் கண்ணுக்குப் புகைபோக்கியும் உருளையும் பற்சக்கரமும் தமக்குத்தாமே அழகுடையவை. அவை யாருக்கு எதை வார்த்தன என்னும் கேள்வி அப்படங்களில் எழவில்லை. மனிதர் அவற்றில் தோன்றினால், பொறியின் பேருருவைக் காட்டும் அளவுகோலாகவே தோன்றினர்.

மண்ணை நோக்கிய கண்

இக்கண்ணில் முதல் அசைவு 1934இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் நடுநிலச் சமவெளிகள் வறட்சியால் புழுதிக்காடாகிக் கிடந்தபோது, 'ஃபார்ச்சூன்' அவரை அங்கே அனுப்பியது. சிறு விமானம் ஒன்றில் ஏறிச்சென்று மாநிலம் மாநிலமாகப் பார்த்தார். மேலிருந்து நோக்கக் காய்ந்த நிலம் ஓவியம்போல் தெரிந்தது; தரையிறங்கி நோக்க உழவனின் முகம் தெரிந்தது. அன்றுவரை படத்துக்கு உரிய பொருளாக அவர் கருதியிராத முகம் அது.

1936இல் லூஸ் 'லைஃப்' இதழைத் தொடங்கினார். அதன் முதல் நான்கு ஒளிப்படக் கலைஞர்களுள் மார்கரெட் ஒருவர். 1936 நவம்பர் 23ஆம் நாளிட்ட முதல் இதழின் அட்டையில் மொண்டானா மாநிலத்து ஃபோர்ட் பெக் அணை பற்றிய அவருடைய படமே இடம்பெற்றது. கோட்டைபோல் எழுந்த கற்காரைத் தூண்கள், அவற்றின் அடியில் புள்ளிகளாய் இரு மனிதர். ஆனால் இதழின் உள்ளே, அணைகட்ட வந்த தொழிலாளர் குடியிருப்பின் அன்றாட வாழ்வையும் அவர் படமாக்கியிருந்தார். அடுத்த ஆண்டில், எழுத்தாளர் எர்ஸ்கின் கால்டுவெல்லுடன் இணைந்து தென்மாநிலக் குத்தகை உழவரின் வறுமையை நூலாக்கினார். 1939இல் இருவரும் மணந்துகொண்டனர், 1942இல் பிரிந்தனர். பொறியின் அழகைக் காணும் கண்ணும் மனித முகத்தைக் காணும் கண்ணும் ஒருவரிடத்தே அமைந்தன. இரண்டும் ஒன்றையொன்று கேள்வி கேட்கும் நாள் போர் வந்தபோது வந்தது.

மாஸ்கோவின் இரவுகள்

1941 மே மாதம் மார்கரெட்டும் கால்டுவெல்லும் மாஸ்கோ சேர்ந்தனர். ஜூன் 22 அன்று ஹிட்லரின் படை சோவியத் எல்லையைக் கடந்தது. அந்நாளில் மாஸ்கோவில் இருந்த ஒரே வெளிநாட்டு ஒளிப்படக் கலைஞர் மார்கரெட். போர்க்காலத்தில் படமெடுத்தலுக்குக் கடுந்தடை விதிக்கப்பட்டிருந்தது. நெடிய முயற்சிக்குப் பின்னரே இசைவு கிடைத்தது.

ஜூலை 21 இரவு ஜெர்மானிய விமானங்கள் முதன்முறையாக மாஸ்கோவைத் தாக்கின. தொடர்ந்த இரவுகளில், அமெரிக்கத் தூதரகத்துக் கூரையிலிருந்தும் கிரெம்ளினுக்கு எதிரே அமைந்த விடுதி அறையிலிருந்தும் மார்கரெட் படமெடுத்தார். வான்தாக்குதல் காவலர்கள் அறை அறையாகச் சென்று அனைவரையும் பதுங்கிடத்துக்கு அனுப்புவர். அவர்கள் வரும்போது கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வார் இவர். காலடி ஓசை அகன்றதும் எழுந்து, சாளரத்தில் கருவிகளை நிறுத்தி, அவற்றின் கண்ணை நெடுநேரம் திறந்துவைப்பார். விடிந்தபின் குளியல்தொட்டியே படம் கழுவும் இடம்.

அப்படங்களில் விமானம் இல்லை. இருளில் கிரெம்ளின் கோபுரங்களின் கோட்டுருவம். வானெங்கும் எதிர்ப்புப் பீரங்கிக் குண்டுகளின் ஒளிக்கோடுகள். வான்குடையில் மெல்ல இறங்கும் வெளிச்சக் குண்டுகள். போரென்று அறியாதவர் திருவிழா வாணவேடிக்கை என்று எண்ணிவிடக்கூடும். கிளீவ்லாந்து ஆலையில் கற்ற ஒளிக்கலையே இங்கும் துணைநின்றது. தீப்பொறியை அழகாகப் பதிவுசெய்யும் திறமை அப்படியே இருந்தது. தீப்பொறியின் பொருள் மட்டும் மாறியிருந்தது. அவர் அதனை உணரத் தலைப்பட்டார் என்பதற்கு, விடிந்தபின் தெருவில் இறங்கி அவர் கண்ட இடிபாடுகளும், பின்னர் ஸ்மோலென்ஸ்க் போர்முனைக்குச் செல்லும் வழியில் எடுத்த படங்களும் சான்று.

பெயர் சூட்டிய விமானம்

1942இல் அமெரிக்க வான்படை அவரைப் போர்ச் செய்தியாளராக ஏற்றுக்கொண்டது. இவ்வேற்பைப் பெற்ற முதற் பெண்களுள் அவர் ஒருவர். படைச்சீருடை அவருக்கென்றே வடிவமைக்கப்பட்டது. இங்கிலாந்தில் முகாமிட்டிருந்த 97ஆம் குண்டுவீச்சுப் படைப்பிரிவுக்கு அனுப்பப்பட்டார். அங்கு நின்றவை பி-17 என்னும் நான்கு பொறிகள் பூட்டிய குண்டுவீச்சு விமானங்கள். சிறகின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூற்றுமூன்று அடிக்கு மேல் நீளம், உள்ளே பத்துப்பேர், எத்திசையிலும் நீட்டிய இயந்திரத் துப்பாக்கிகள். மக்கள் அதனைப் பறக்கும் கோட்டை என்றழைத்தனர். ஃபோர்ட் பெக் அணையைக் கோட்டையாகக் கண்ட கலைஞருக்கு இவ்வானக் கோட்டை மனத்துக்கு உகந்த பொருளானதில் வியப்பில்லை.

விமானி ஒருவரின் குழுவினர் தம் விமானத்துக்குப் பெயர்சூட்ட அவரையே வேண்டினர். அவர் தேர்ந்த பெயர் 'பறக்கும் ஃபிளிட்கன்'. ஃபிளிட் என்பது அந்நாளில் வீடுகளில் அடித்த பூச்சிமருந்து. ஃபிளிட்கன் அதனைப் பீய்ச்சும் கைக்கருவி. போர்க்காலத்து நகைச்சுவைக்கு அப்பெயர் பொருந்தியது. அதில் பொதிந்த எண்ணம் அந்நேரத்தில் ஒருவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. கீழே இருப்போர் பூச்சிகள் ஆனால், மேலிருந்து வீசப்படுவது மருந்தாகிவிடுகிறது. சொல் செய்யும் இவ்வேலையைக் கவிஞர்கள் நன்கு அறிவர். பகைவனை விலங்காகவும் புழுவாகவும் ஆக்கும் உவமை எல்லா மொழிகளிலும் போருக்கு முன்னே நடக்கும் தூசிப்படையாக இருந்துவந்துள்ளது.

மூழ்கிய கப்பல்

வட ஆப்பிரிக்காவில் நேசநாட்டுப் படைகள் இறங்கியபோது மார்கரெட்டும் அங்குச் செல்ல விரும்பினார். விமானத்தில் செல்வது பெண்ணுக்கு ஏதமானது என்று கருதிய தளபதிகள், காவற் கப்பல்கள் புடைசூழச் செல்லும் கப்பலில் அவரை ஏற்றினர். அக்கப்பல் 'ஸ்ட்ராத்ஆலன்'. பயணிகள் கப்பலாக 1938இல் முதற்பயணம் தொடங்கி, போர் வந்தபின் படை ஏற்றும் கப்பலாக மாறியது அது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரரும், இருநூறுக்கும் மேற்பட்ட செவிலியரும் அதில் இருந்தனர்.

1942 டிசம்பர் 21 பின்னிரவில், அல்ஜீரியக் கரையின் ஓரான் நகருக்கு வடக்கே, ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்றின் டார்ப்பீடோ கப்பலைத் தாக்கியது. மேல்தளத்துக்கு விரைந்த மார்கரெட், படமெடுக்கப் போதிய ஒளி இல்லை என்பதைக் கண்டு, தமக்குரிய உயிர்காக்கும் படகில் ஏறினார். அவருடைய கருவிகளுள் பெரும்பாலானவை கப்பலோடு தங்கிவிட்டன. படகில் நீர் புகுந்திருந்தது. செவிலியர் தம் தலைக்கவசங்களால் நீரை முகந்து வெளியே ஊற்றினர். கடலில் தத்தளித்தோரின் குரல்கள் இருளிலிருந்து வந்தன. சிலரைத் தூக்கி ஏற்ற முடிந்தது. பொழுது புலர்ந்ததும் மார்கரெட் கையிலிருந்த கருவியை எடுத்து, படகிலிருந்தோரைப் படமெடுத்தார். பின்னர் நாசகாரிக் கப்பல் ஒன்று அவர்களை மீட்டது. மறுநாள் 'ஸ்ட்ராத்ஆலன்' முழுதும் மூழ்கியது. உயிரிழந்தோர் தொகை, கப்பலில் இருந்தோர் தொகையை நோக்க, மிகச் சிறிதாகவே அமைந்தது.

இப்படங்கள் அவருடைய கலையில் ஒரு திருப்பம் எனலாம். பெருங்கப்பலின் கம்பீரம் இவற்றில் இல்லை. நனைந்த உடையும் உறங்காத கண்ணும் கொண்ட மனிதர் சிலர் சிறுபடகில் நெருங்கி அமர்ந்திருக்கின்றனர்; அவர்களுள் ஒருவராகவே படமெடுப்பவரும் இருக்கிறார். போர்க்கருவியின் இலக்காக இருத்தல் என்பது யாது என்பதை மாஸ்கோவில் சாளரத்தின் வழியே கண்டவர், இங்கே உடலால் அறிந்தார்.

வானிலிருந்து

அவ்வறிவு அவரை வானிலிருந்து விலக்கவில்லை. கப்பற் பயணமே பாதுகாப்பு என்று கருதியது பொய்த்தபின், தளபதி ஜிம்மி டூலிட்டில் அவர் விமானத் தாக்குதலில் உடன்செல்ல இசைவளித்தார். 1943 ஜனவரி 22 அன்று, அல்ஜீரியப் பாலைநிலத்துப் பிஸ்க்ரா தளத்திலிருந்து புறப்பட்ட பி-17 ஒன்றில் அவர் ஏறினார். இலக்கு, தூனிசு நகரை அடுத்த எல் அவுயினா விமானத்தளம். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தில் தாக்குதலுக்கு உடன்சென்ற முதற் பெண் அவரே.

உயரே செல்லச் செல்லக் குளிர் உறையவைக்கும். கம்பளி தைத்த தோலாடை, கனத்த காலணி, கையுறை எல்லாம் வேண்டும். மூச்சுக்கு உயிர்வளிக் குப்பி வேண்டும். அத்தனை சுமையோடு, வான்வழிப் படமெடுக்கும் பெருங்கருவியையும் தாங்கி, விமானத்தின் ஒரு சாளரத்திலிருந்து மறு சாளரத்துக்கு நகர்ந்தபடி படமெடுத்தார். உடன் பறந்த விமானங்களின் அணிவகுப்பு, கீழே நிலப்படம்போல் விரிந்த கரை, அதில் மெல்ல எழுந்த புகைத்தூண்கள் - இவையே அவர் கொண்டுவந்தவை. 1943 மார்ச் 1ஆம் நாளிட்ட 'லைஃப்' அவற்றை வெளியிட்டது. தோலாடை அணிந்து, கையில் கருவியேந்திப் புன்னகைத்து நிற்கும் மார்கரெட்டின் படமும் உடன்வந்தது. வீரர்கள் அதனை வெட்டியெடுத்துச் சுவரில் ஒட்டினர்.

வானிலிருந்து எடுத்த அப்படங்களை இன்று நோக்குவோர்க்கு இரண்டு தோன்றும். ஒன்று, அவற்றின் ஒழுங்கும் தெளிவும். மற்றொன்று, அவற்றில் முகமே இல்லாமை. அவ்வளவு உயரத்திலிருந்து தளமும் ஓடுபாதையும் தெரியும், ஓடுபவன் தெரியான். இது கலைஞரின் குறையன்று, உயரத்தின் இயல்பு. ஆயின் அவ்வியல்பையே போரின் முழு உருவமாகக் காட்டிய இதழ்ப் பக்கங்களைப் பல்லாயிரம் வாசகர் கண்டனர். வானூர்திப் போரை அந்தத் தலைமுறை கற்பனை செய்துகொண்ட முறைக்கு இத்தகைய படங்களும் காரணமாயின.

காசினோப் பள்ளத்தாக்கு

1943இன் பிற்பகுதியில் மார்கரெட் இத்தாலிப் போர்முனை சேர்ந்தார். போருக்குத் தேவையானவற்றைக் கொண்டுசேர்க்கும் படைப்பிரிவுகளின் பணியைக் காட்டுதல் அவருக்கு இட்ட வேலை. இடிக்கப்பட்ட பாலங்களுக்கு மாற்றாகப் பொறியாளர்கள் பூட்டிய இரும்புப் பாலங்கள், சேற்றில் புதைந்தபடி மலையேறும் சுமையுந்துகள், இரவைப் பகலாக்கி முழங்கும் நீள்குழல் பீரங்கிகள் ஆகியவற்றைப் படமெடுத்தார். பீரங்கிக்கு இலக்கைக் காட்டப் பறக்கும் பைப்பர் கப் என்னும் மிகச்சிறு விமானத்திலும் ஏறினார். இதன் உயரம் பி-17இன் உயரமன்று. குண்டுக்குழிகள் அம்மைத் தழும்புபோல் படர்ந்த வயல்களும், கூரையிழந்த வீடுகளும் அருகில் தெரியும் உயரம் அது.

தரையில் அவர் சென்ற மற்றோர் இடம், போர்முனையை ஒட்டிய கூடார மருத்துவமனை. எதிரியின் குண்டுகள் தலைக்குமேல் பறக்கச் செவிலியரும் மருத்துவரும் அறுவை செய்ததை அவர் இரவெல்லாம் இருந்து படமெடுத்தார். தம் போர்க்காலப் படங்களில் தலையாயவை என அவர் கருதியவை இவை. அவற்றில் ஒரு பெரும்பகுதி அமெரிக்கா சென்றபின் தொலைந்துபோயிற்று, மீண்டும் கிடைக்கவேயில்லை. பாலமும் சுமையுந்தும் பீரங்கியும் அச்சேறின. காயம்பட்டோரின் முகங்கள் பல காணாமற்போயின. இழந்தவற்றைச் சொல்லால் மீட்க முயன்றதாலோ என்னவோ, 1944இல் இப்போர்முனை பற்றி அவர் வெளியிட்ட நூலில் படங்களுக்கு இணையாக உரைநடையும் ஓங்கி நிற்கிறது.

வேலிக்கு அப்பால்

1945 வசந்தத்தில், ஜெர்மனிக்குள் முன்னேறிய தளபதி பேட்டனின் மூன்றாம் படையோடு மார்கரெட் சென்றார். ஏப்ரல் 11 அன்று புக்கன்வால்டு வதைமுகாம் விடுதலை பெற்றது. கதே, ஷில்லர் ஆகிய பெருங்கவிஞர் வாழ்ந்த வைமார் நகருக்கு அண்மையில், காட்டுக்குள் அமைந்தது அம்முகாம். கவிதையின் நகரத்துக்கும் பிணக்குவியலுக்கும் இடையே ஐந்து கல் தொலைவே இருந்தது. பேட்டனின் ஆணைப்படி வைமார் நகரமக்கள் முகாமுக்கு நடத்திவரப்பட்டுக் காட்சிகளைக் காணச் செய்யப்பட்டனர். கண்டவர்களையும் காண மறுத்து முகம் திருப்பியவர்களையும் மார்கரெட் படமெடுத்தார். உயிர்தப்பியோர் முள்வேலிக்கு அப்பால் வரிசையாக நின்று நேர்நோக்கும் படம் அவர் எடுத்தவற்றுள் மிகவும் அறியப்பட்டது. அது 1945இல் 'லைஃப்' இதழில் இடம்பெறவில்லை. 1960ஆம் ஆண்டில்தான் அதில் அச்சேறியது.

அம்முகாமில் கருவி தமக்கும் கண்முன் நின்ற கொடுமைக்கும் நடுவே மெல்லிய திரையாய் இருந்து தம்மைக் காத்தது என்றும், படத்தைக் கழுவிப் பார்க்கும்வரை தாம் எதைப் படமெடுத்தோம் என்பதையே மனம் முழுதாக ஏற்கவில்லை என்றும் அவர் பிற்காலத்தில் எழுதினார். யூத மரபில் வந்த தந்தையின் மகள் அவர் என்பதை அறிந்து இவ்வாக்குமூலத்தைப் படிப்போர்க்கு, அவர் சொல்லாது விட்டதும் கேட்கும்.

அதே ஆண்டில் எஸ்ஸன் நகரின் குருப் ஆலைகளையும் அவர் மீண்டும் கண்டார். 1930இல் புகைபோக்கிகளின் அழகுக்காக ஜெர்மனி சென்று அந்நிறுவனத்தைப் படமெடுத்தவர், இப்போது வளைந்து முறிந்த இரும்புச் சட்டங்களையும் கூரையற்ற கூடங்களையும் படமெடுத்தார். நேசநாட்டு விமானங்கள் அவற்றை அவ்வாறாக்கியிருந்தன. ஆலை பீரங்கி வார்த்தது. விமானம் ஆலையை அழித்தது. இரண்டையும் அழகென்று ஒருகாலத்தில் கண்டவர் இடிபாட்டின் நடுவே நின்றார். ஆலையின் உரிமையாளர் ஆல்ஃபிரட் குருப்பையும் சந்தித்து உரையாடினார். பொறிக்குப் பின்னே மனிதர் உள்ளனர், அவர்களுக்குப் பொறுப்பும் உண்டு என்னும் தெளிவு 1946இல் அவர் வெளியிட்ட ஜெர்மனி பற்றிய நூலில் புலப்படுகிறது.

இராட்டையும் அணுகுண்டும்

1946இல் 'லைஃப்' அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. காந்தியடிகள் இராட்டையில் நூற்பதைப் படமெடுக்க விரும்பியவரிடம், அவர்தம் செயலாளர் ஒரு நிபந்தனை விதித்தார். முதலில் நூற்கக் கற்கவேண்டும். நூற்பவரின் கையை அறியாமல் நூற்பதை எவ்வாறு படமெடுப்பது என்பது அவர் வாதம். உலகின் பெரும்பொறிகளையெல்லாம் படமெடுத்த மார்கரெட், தரையில் அமர்ந்து, இழை அறுந்து அறுந்து போக, நூற்கப் பழகினார். பிறகே இசைவு கிடைத்தது. ஒளிவீசும் குமிழ்கள் மூன்றுக்கு மட்டுமே அனுமதி. முதல் இரண்டு முயற்சிகள் வீணாயின. மூன்றாவதில் கிடைத்த படமே உலகெங்கும் அறியப்பட்டது. அப்படத்தில் இராட்டை முன்னே பெரிதாக நிற்கிறது. அதன் பின்னே காந்தியடிகள் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். பொறியும் முகமும் ஒன்றையொன்று மறைக்காமல் ஒரே படத்தில் இடம்பெற்றன.

அதே ஆண்டு கல்கத்தா கலவரத்தின் பிணங்களையும், 1947இல் பஞ்சாப் சாலைகளில் மாட்டுவண்டிகளிலும் கால்நடையாகவும் இடம்பெயர்ந்த மக்கள்திரளையும் அவர் படமெடுத்தார். அவர் முறைமீது குறையும் கூறப்பட்டது. சரியான படம் அமையும்வரை ஏதிலிகளைத் திரும்பத் திரும்ப நடக்கவைத்தார் என்று உடன்சென்ற செய்தியாளர் பிற்காலத்தில் வருந்திச் சொன்னார். துயரைக் கண்டறிந்த கண்ணிலும் பழைய ஆலைப்படத்தின் ஒழுங்குமோகம் ஒளிந்திருந்தது போலும். இதனை மறைத்து அவரைப் போற்றுவது அவருக்கே இழுக்காகும்.

1948 ஜனவரி 30 பிற்பகல் டெல்லி பிர்லா இல்லத்தில் காந்தியடிகளை மார்கரெட் கடைசியாகக் கண்டு உரையாடினார். அணுகுண்டு ஏந்திய விமானத்தை அறவழியில் எவ்வாறு எதிர்கொள்வது என்று வினவினார். காந்தியடிகள் சொன்ன மறுமொழியின் சாரம் இது. அவர் நிலவறைக்குள் ஒளியமாட்டார். வெளியே வந்து திறந்தவெளியில் நின்று, தம் முகத்தில் பகைமை இல்லை என்பதை விமானி காணச் செய்வார். அத்தனை உயரத்திலிருந்து முகம் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும், விமானிக்குத் தீங்கு நேரலாகாது என்னும் நெஞ்சின் ஏக்கம் மேலெழுந்து அவனைச் சேரும். அவன் கண் திறக்கும்.

இம்மொழியைக் கேட்டவர் வேறு எவராயினும் இதன் பொருள் இவ்வளவு கூர்மையாகத் தைத்திராது. அந்த உயரத்தில் இருந்தவர் அவர். தூனிசின் மேலே குண்டு வீழ்வதை நோக்கியவர். குண்டுவீச்சு விமானத்துக்குப் பூச்சிமருந்துக் கருவியின் பெயரைச் சூட்டியவர். மேலிருந்து நோக்க முகம் தெரியாது என்பதற்குத் தம் படங்களையே சான்றாகக் காட்டக்கூடியவர். அவரிடம் ஒரு முதியவர், முகம் தெரியவேண்டும் என்பதைப் போருக்கு மருந்தாகச் சொன்னார். விடைபெற்றுச் சென்ற சில மணி நேரத்தில் அம்முதியவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கொலைஞன் உயரத்தில் இல்லை. முகம் தெரியும் தொலைவில், கைகூப்பும் தொலைவில் நின்றே சுட்டான். காந்தியடிகளின் நம்பிக்கையின் உயர்வும் அதன் பேரிடரும் ஒரே நாளில் விளங்கின. அன்று பிர்லா இல்லத்துக்குத் திரும்பி ஓடிவந்து, துயர்ப்பட்டோர் நடுவே படமெடுக்க முயன்ற மார்கரெட் அங்கிருந்தோரின் சினத்துக்கு ஆளாகிப் படச்சுருளை இழந்தார். காணவேண்டும் என்னும் வேட்கைக்கும் காணத்தகும் எல்லைக்கும் இடையே அவர் இறுதிவரை போராடியதற்கு இதுவும் சான்று. அவ்வுரையாடலை 1949இல் வெளியிட்ட தம் இந்திய நூலில் பதிவுசெய்தார். 1982இல் வெளிவந்த 'காந்தி' திரைப்படத்திலும் மார்கரெட் ஒரு பாத்திரமாக இடம்பெற்றார்.

கை ஓய்ந்த காலம்

1952இல் கொரியப் போர்க்களம் சென்றார். விமானத்தையும் டாங்கியையும் விட்டு, போரால் இரண்டாகப் பிரிந்த ஒரு குடும்பத்தை அங்கே பின்தொடர்ந்தார். கெரில்லாக்களோடு சேர்ந்திருந்த மகன் தாயிடம் திரும்பும் காட்சியைப் படமெடுத்தார். தம் வாழ்நாட் பணியில் இதனை மிகவும் உயர்வாக மதித்தார்.

அக்காலத்தை ஒட்டியே அவர் உடலில் நடுக்குவாத நோயின் அறிகுறிகள் தோன்றின. உறைபனி உயரத்தில் பெருங்கருவியை அசையாது பிடித்த கை, தேநீர்க் கோப்பையைப் பிடிக்கத் திணறியது. 1959இலும் 1961இலும் மூளையில் அறுவைமருத்துவம் செய்துகொண்டார். நோயை ஒளிக்காமல், அதனோடு தாம் நடத்திய போராட்டத்தைப் படங்களுடன் இதழில் வெளிவரச் செய்தார். அன்றுவரை பிறர் முகங்களைத் தேடியவர், நோயுற்ற தம் முகத்தைப் பிறர் கருவிக்குமுன் நிறுத்தினார். 1963இல் தன்வரலாறு வெளிவந்தது. 1971 ஆகஸ்ட் 27 அன்று, கனெக்டிகட் மாநிலத்து ஸ்டாம்ஃபோர்டில், 67ஆம் அகவையில் காலமானார். அவருடைய தாள்களும் படங்களும் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பெற்றன.

போர்க்கருவிகளின் படங்களைப் பார்த்து வியத்தல் எளிது. விமானத்தின் வடிவமும் கப்பலின் வளைவும் டாங்கியின் திண்மையும் கண்ணைக் கவர்வன, அக்கவர்ச்சி பொய்யன்று. மார்கரெட் அதனை மறுக்கவும் இல்லை, அதற்காக நாணவும் இல்லை. ஆனால் அவருடைய படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி நோக்குவோர், பொறி மெல்லப் பின்னகர்ந்து முகம் முன்வருவதைக் காண்பர். தூனிசு வானத்துப் படத்தையும் புக்கன்வால்டு வேலிப் படத்தையும் அருகருகே வைத்துக் காணவேண்டும். இரண்டையும் எடுத்த கை ஒன்றே. போரைப் பாட முனையும் கவிஞர்க்கு அவ்விரு படங்களும் ஒரே வினாவை விடுக்கின்றன: பாடுபவர் எவ்வளவு உயரத்தில் நின்று பாடுகிறார், அங்கிருந்து நோக்க எவருடைய முகம் தெரிகிறது?